அண்ணையிடம் கேள்வி கேட்கப் போன வருடம்: கொலோனில் ஐந்து கண்காட்சிகள்

போன மாதம் டென்மார்க்கிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார்: "அக்கா, ஒரே மியூசியத்துக்கு ஒரு வருசத்தில ரெண்டு மூண்டு தரம் போறதில பிரயோசனம் இருக்கோ? ஒருக்காப் போனால் காணாதோ?" காணாது (போதாது) என்று ஒற்றைச் சொல்லில் பதில் எழுதியிருக்கலாம். ஆனால் ஒற்றைச் சொல்லோடு நிற்கிற ஆள் நான் இல்லை என்பது இந்தப் பக்கத்தை வாசிக்கிற எல்லோருக்கும் தெரியும்.

1997ஆம் ஆண்டு கொலோனில் உள்ள ஒரு பெரிய கலை அருங்காட்சியகத்துக்கு ஐந்து தடவை போனேன். ஐந்து தடவையும் ஐந்து வேறு கண்காட்சிகள். அருங்காட்சியகத்தின் பெயரைப் போடாமல் விடுகிறேன். அன்றைக்கு அங்கே வேலை செய்தவர்களில் சிலர் இன்னும் அந்த ஊரில் இருக்கிறார்கள். முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நான் ஓவியம் பார்க்கப் போகவில்லை. அந்தக் காலத்தில் எனக்கு ஓவியம் என்றால் கலண்டர் படம்தான். என்னோடு கதைப்பதை நிறுத்தியிருந்த என் அண்ணையைக் கதைக்க வைக்கப் போனேன்.

என்னை ஜெர்மனிக்குக் கூப்பிட்டதே அண்ணைதான். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அப்பா இல்லாத வீட்டில் அப்பாவாக நின்றவர். கொலோனில் அவருடைய வீட்டில் இரண்டு வருடம் இருந்தேன். மொழி படிக்கப் போன வகுப்பில் அன்ரனைச் சந்தித்தேன். மன்னார்க்காரர், கத்தோலிக்கர், பேக்கரியில் வேலை. அண்ணையோ எனக்குக் கனடாவில் ஒரு மாப்பிள்ளையைப் பேசி வைத்திருந்தார். ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் அன்ரனின் பெயரைச் சொன்னேன். அண்ணை பாதிச் சோற்றோடு எழும்பினார், கையைக் கழுவினார், அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். சமயம் வேறு என்பது நொந்ததா, தன்னைக் கேட்காமல் முடிவெடுத்தது நொந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

எங்கள் பதிவுத் திருமணத்துக்கு அவர் வரவில்லை. தொலைபேசியில் என் குரல் கேட்டால் வைத்துவிடுவார். "எனக்கு ஒரு தங்கச்சி இருந்தவள்" என்று சனத்திடம் சொல்கிறாராம். இருந்தவளாம்! உயிரோடு இருக்கிறவளைப் பற்றி. அதைக் கேட்ட அன்று நான் அழுத அழுகையில் அன்ரன் வேலைக்குப் போகாமல் வீட்டில் நின்றுவிட்டார். நானும் அன்ரனும் அப்போது ஹாகனில் குடியிருந்தோம். அண்ணை வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு மணித்தியால ரயில் பயணம்தான். அதைக் கடக்க இரண்டு வருடமாக முடியவில்லை.

97 பெப்ரவரி கடைசியில் ஒரே கிழமைக்குள் இரண்டு செய்திகள் வந்தன. முதலாவது, நான் தாயாகப் போகிறேன் என்று டொக்டர் சொன்னார். இரண்டாவதை அண்ணி தொலைபேசியில் சொன்னார். அண்ணி மட்டும் அண்ணைக்குத் தெரியாமல் என்னோடு கதைப்பார்; அவரைக் 'கொண்ணை', அதாவது உன் அண்ணன், என்றே சொல்லுவார்.

"வதனி, கொண்ணைக்கு மியூசியத்தில வேலை கிடைச்சிருக்கு. படங்கள் மாட்டின அறையில நாள் முழுக்க நிண்டு காவல் பார்க்கிற வேலை. வாற ஆக்கள் என்ன கேட்டாலும் முகம் சுழிக்காமல் பதில் சொல்ல வேணுமாம். மாத்த ஆள் வராமல் அந்த இடத்தை விட்டு அசைய ஏலாதாம். வீட்டிலயும் இதைப் பழகினால் நல்லதெண்டு சொன்னனான், முறைக்கிறார்."

அண்ணி பகிடியாகத்தான் சொன்னார். நான் தொலைபேசியை வைத்துவிட்டு அப்படியே நின்றேன். கேட்டால் பதில் சொல்ல வேண்டும். எழும்பிப் போக முடியாது. கடவுளே, என் அண்ணைக்கு இதைவிடத் தோதான வேலையை யார் கொடுத்திருக்க முடியும்! ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கற, பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கற என்பார்கள். நான் நுழைவுச்சீட்டு எடுத்துக் கறக்க முடிவு செய்தேன். அம்மா யாழ்ப்பாணத்தில் இருந்தார். ஒரு கடிதம் வந்து சேர மூன்று மாதம் எடுத்த காலம். ஜெர்மனியில் என் பிள்ளைக்கு இருக்கப்போகும் ஒரே தாய்மாமன் அண்ணைதான். அவர் என்னோடு கதைக்க வேண்டும், என் பிள்ளையைத் தூக்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

பயண விவரத்துக்கு வருகிறேன். ஹாகனிலிருந்து கொலோன் ஏறக்குறைய எழுபத்தைந்து கிலோமீற்றர். அப்போது வார இறுதிச் சீட்டு என்று ஒன்று இருந்தது. முப்பத்தைந்து மார்க், ஐந்து பேர் வரை போகலாம், மெதுவான ரயில்களில் மட்டும் செல்லும். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நிலையத்துக்குப் போனால், மேடையில் சனம் ஆள் சேர்த்துக்கொண்டு நிற்கும். "கொலோனுக்கா? எங்களுக்கு ஒருவர் குறைகிறது" என்பார்கள். முன்பின் தெரியாத நாலு பேரோடு சேர்ந்து ஏழு மார்க்கில் போய்விடலாம். திரும்பும்போதும் அதே ஆட்களைப் பிடிக்க வேண்டும் என்பதுதான் ஒரே கரைச்சல். 9.14க்கு ஏறினால் 10.20க்குக் கொலோன். நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை. நுழைவு பத்து மார்க். திங்கட்கிழமை பூட்டு.

மார்ச் மாதம் நடந்த முதலாவது கண்காட்சி, பழைய ஒல்லாந்து ஓவியங்கள். எல்லாம் சாப்பாடு. வெட்டின மீன், பாதி உரித்த எலுமிச்சம்பழம், மேசை விளிம்பில் சரிந்து கிடக்கிற கத்தி. முந்நூறு வருடத்துக்கு முந்திய மீனின் கண்ணில் ஈரம் தெரிகிறது. எனக்கோ அப்போது வயிற்றைப் பிரட்டுகிற காலம். மீனைப் பார்த்ததும் ஓங்காளம் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு இரண்டு அறைகளை ஓடிக் கடந்தேன். மூன்றாவது அறையில் அண்ணை நின்றார்.

சாம்பல் நிறக் கோட்டு, கழுத்துப்பட்டி, நெஞ்சில் ஒரு பெயர் அட்டை. தலையில் நரை கூடியிருந்தது. என்னைக் கண்டதும் முகத்தில் ஈயாடவில்லை. வாசலைப் பார்த்தார், போக முடியாது என்பது அவருக்கும் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். நான் நேரே போய், ஜெர்மன் மொழியில், "மன்னிக்கவும், எலுமிச்சம்பழம் உள்ள பெரிய படம் எங்கே இருக்கிறது?" என்று கேட்டேன்.

"எனக்குப் பின்னால்," என்றார், அவரும் ஜெர்மன் மொழியில், முன்பின் தெரியாத பெண்ணுக்குச் சொல்லும் மரியாதையோடு, என் தலைக்கு மேலே சுவரைப் பார்த்தபடி.

இரண்டு வருடத்துக்குப் பிறகு கேட்ட குரல். கழிவறைக்குப் போய் இருந்து அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பப் போய், கழிவறை எங்கே என்று கேட்டேன். "கீழே, இடது பக்கம்," என்றார். அங்கிருந்துதான் வருகிறேன் என்பதை என் கண்ணே காட்டிக்கொடுத்திருக்கும். அன்றைக்கு மூன்று கேள்வியோடு நிறுத்திக்கொண்டேன். மூன்றாவது, எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள் என்பது. ஆறு மணிக்காம்.

மே மாதம் வேறொரு உலகம். ஒல்லாந்துச் சாப்பாடெல்லாம் போய், சுவர் முழுக்கக் கறுப்பு வெள்ளைப் புகைப்படங்கள். தொழிற்சாலைகள், சுரங்கக் கோபுரங்கள், புகைபோக்கிகள். எங்கள் ஹாகன் பக்கம் நாளும் பார்க்கிறதைத்தான் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள், இதற்கு ஏழும் பத்தும் பதினேழு மார்க்கா என்று முதலில் எரிச்சல் வந்தது. ஆனால் நின்று பார்க்கப் பார்க்க ஒன்று உறுத்தியது. ஒரு படத்திலும் மனிதர் இல்லை. அதையே அண்ணையிடம் கேட்டேன். அன்று அவர் மேல்மாடியில் நின்றார்.

பதில் சுருக்கமாக வரும் என்று நினைத்தேன். அவரோ தொடங்கிவிட்டார். ஞாயிறு காலையில், மூடுபனி உள்ள நாளில் எடுப்பார்களாம்; வெயில் இருந்தால் நிழல் விழும், நிழல் விழுந்தால் ஒன்றை மற்றதோடு ஒப்பிட முடியாதாம். இதற்குள் இன்னொரு வயதான தம்பதியும் வந்து நின்று கேட்டார்கள். அண்ணை அவர்களுக்கும் கையைக் காட்டிக் காட்டி விளங்கப்படுத்தினார். ஊரில் ஓ லெவலோடு படிப்பை விட்ட என் அண்ணை! குழு குழுவாக வருகிறவர்களுக்கு வழிகாட்டிகள் சொல்வதைக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் பண்ணியிருக்கிறார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. முடிக்கும்போது என் பக்கம் திரும்பி அரைச் சிரிப்புச் சிரித்தார். யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்று நினைவு வந்ததும் சிரிப்பை விழுங்கிவிட்டார்.

அன்று இன்னொன்றையும் கவனித்தேன். ஒரு குதிக்காலை உயர்த்துவார், இறக்குவார். பிறகு மற்றக் காலை. எட்டு மணித்தியாலம் நிற்கிற வேலை. வீட்டுக்கு வந்து அன்ரனிடம், "இனி நான் போகேல்லை. அந்த மனுசனுக்குக் கால் நோகுது, நான் வேறை போய்க் கரைச்சல் குடுக்கிறன்," என்றேன். அன்ரன் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, "நீ போகாட்டியும் அவருக்குக் கால் நோகத்தான் போகுது. போ," என்றார். இப்படிப்பட்ட மனிதரைத்தான் நான் கட்டியிருக்கிறேன்.

யூலையில் மரச் சிற்பங்கள். ஐந்நூறு வருடத்துக்கு முந்திய தேவாலயங்களிலிருந்து வந்தவை. நிறம் உதிர்ந்த மாதாக்கள், மூக்கு உடைந்த புனிதர்கள். இந்தத் தடவை அன்ரனும் வந்தார். எனக்கு ஆறாம் மாதம், தனியே விட மாட்டேன் என்றார். ஒரு மாதாவின் முன்னால் நின்று அவர் சிலுவை போட்டுக்கொண்டார். அப்படிச் செய்கிறவர்கள் அங்கே அதிகம் இல்லை. சனம் திரும்பிப் பார்த்தது. அதே அறையில்தான் அண்ணையும் நின்றார்.

அன்ரன் அவரிடம் போய், "வணக்கம் அண்ணை, சுகமா இருக்கிறியளோ?" என்று கேட்டார். கலியாணத்துக்குப் பிறகு இருவரும் நேருக்கு நேர் நின்றது அன்றுதான். அண்ணை அவரைப் பார்க்காமல், ஜெர்மன் மொழியில், "கழிவறை கீழே, இடது பக்கம்," என்றார். கேட்காத கேள்விக்குப் பதில். அன்ரனின் காது சிவந்து போனது. "நன்றி," என்று சொல்லிவிட்டு உண்மையாகவே கீழே இறங்கிப் போனார். எனக்கு வந்த கோபத்தில் அந்த மரச் சிற்பத்தையே தூக்கி எறிந்திருப்பேன், அவ்வளவு பாரமில்லாமல் இருந்திருந்தால்.

நான் அண்ணையைத் திட்டுவதற்கு வாயைத் திறக்கமுன் அவர் மூலைக்குப் போனார். பார்வையாளருக்கென்று மடிக்கிற சிறிய இருக்கைகள் அங்கே கொழுவியிருக்கும். ஒன்றை எடுத்து வந்து, விரித்து, என் பக்கத்தில் வைத்தார். என் வயிற்றைப் பார்த்தார், போய்த் தன் இடத்தில் நின்றுகொண்டார். திட்ட வந்தவள் இருந்துவிட்டேன். அந்த இருக்கையில் இருந்தபடி, அன்ரனை அவமதித்ததற்காக அவரை வெறுக்கவும் முடியவில்லை, இருக்கை தந்ததற்காக மன்னிக்கவும் முடியவில்லை.

செப்டம்பர்க் கண்காட்சிக்கு நான் போயிருக்கக் கூடாது. எட்டாம் மாதம். அன்ரனுக்கு வேலை நாள். ஆனால் பிள்ளை பிறந்துவிட்டால் எப்போது வர முடியுமோ என்ற பயம். புதிய கலை என்று போட்டிருந்தார்கள். படமும் இல்லை, சிலையும் இல்லை. ஓர் அறையில் ஒன்றுமே இல்லாமல் சத்தம் மட்டும். அடுத்த அறையில், சொன்னால் நம்ப மாட்டீர்கள், அரிசி. நிலத்தில் நீளமாக, முழங்கால் உயரத்துக்கு வெள்ளையரிசிக் குவியல். சுற்றி ஒரு கோடு. அதைத் தாண்டக் கூடாது.

யாரோ பிள்ளைகள் ஓடியிருக்க வேண்டும். கோட்டுக்கு வெளியே ஒரு கைப்பிடி அரிசி சிதறிக் கிடந்தது. சனம் அதன்மேல் சப்பாத்துக் காலோடு நடந்து போகிறது, அரிசி நெரிபடுகிற சத்தம் கேட்கிறது. என் வீட்டில் சிந்தின அரிசியை மிதித்தால் அடி விழும். யோசிக்கவே இல்லை. வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு முழங்காலில் நின்று, ஒவ்வொன்றாகப் பொறுக்கி, கோட்டைத் தாண்டிக் கையை நீட்டிக் குவியலில் போட்டேன்.

மணி அடித்தது. காது வெடிக்கிற சத்தம். ஒரு பக்கத்திலிருந்து கையில் வோக்கி டோக்கியோடு மேற்பார்வையாளர் ஓடி வந்தார், மறுபக்கத்திலிருந்து அண்ணை. அந்த அறை அண்ணையின் பொறுப்பு. எனக்கு எழும்ப முடியவில்லை, அப்படியே முழங்காலில் இருந்தேன். மேற்பார்வையாளர் என் மூடின கையைப் பார்த்து, எதை எடுத்தாய், கையைத் திற என்றார். திறந்தேன். போடாமல் மிஞ்சின மூன்று அரிசி.

அவர் அண்ணையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பெயரை எழுது, அறிக்கை வேண்டும் என்று அண்ணையிடம் சொல்லிவிட்டுக் கேட்டார்: "இந்தப் பெண்ணை உனக்குத் தெரியுமா?"

அண்ணைக்கு ஒரு வருட ஒப்பந்தம்தான். நீட்டுவதா இல்லையா என்பது வருடக் கடைசியில் தெரியும் என்று அண்ணி சொல்லியிருந்தார். அவருடைய அறையில், அவருடைய நேரத்தில், அவருடைய ஆள் ஒருத்தி கலைப்பொருளில் கை வைத்தாள் என்றால் என்ன முடிவு வரும்? இவருக்கு நான் தேடிக் கொடுத்தது இதைத்தானா என்று மனம் கேட்டது. அண்ணை வாயைத் திறக்கமுன் நானே ஜெர்மன் மொழியில் சொன்னேன்: "எனக்கு இவரைத் தெரியாது. முன்பின் கண்டதில்லை."

"பொய் சொல்கிறாள்," என்றார் அண்ணை. "இவள் என் தங்கச்சி."

பிறகு அண்ணை, கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டபடி, மேற்பார்வையாளருக்கு மெதுவாக விளங்கப்படுத்தினார். எங்கள் வீடுகளில் சிந்தின அரிசியை மிதிப்பதில்லை. கண்டால் பொறுக்குவோம். இவள் எடுக்க வரவில்லை, திருப்பிப் போட வந்தாள். காலையிலிருந்து நானும் அந்த அரிசியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன், குனியாமல் இருக்கத்தான் கையைப் பைக்குள் வைத்திருக்கிறேன். அறிக்கையில் இதையும் எழுதட்டுமா?

மேற்பார்வையாளர் என் உள்ளங்கையில் இருந்த மூன்று அரிசியைத் திரும்பவும் பார்த்தார். "எழுது," என்றார். "பார்வையாளர் எதையும் எடுத்துச் செல்லவில்லை. திருப்பி வைத்தார். அளவு, மூன்று குறைவு." சிரிக்காமல் சொன்னார். பிறகு, "முதலில் தங்கச்சியைத் தூக்கு," என்றார்.

அண்ணை குனிந்து என் இரண்டு கைகளையும் பிடித்துத் தூக்கினார். தூக்கும்போதே தமிழில் தொடங்கிவிட்டார். "உனக்கென்ன விசரே? எட்டு மாச வயித்தோடயே வந்து நிலத்தில இருக்கிறாய்? எங்க அந்த மனுசன்? தனிய விட்டிட்டு எங்க போட்டார்?" இரண்டரை வருடத்துக்குப் பிறகு அண்ணை என்னைத் திட்டுகிறார்! நான் அழுதுகொண்டே சிரித்தேன். "வேலை அண்ணை, அவருக்கு வேலை," என்றேன். "என்ன பெரிய வேலை?" என்றார். திட்டட்டும் என்று விட்டுவிட்டேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைப்பீர்கள். பாதிதான் சரியானது. அதன் பிறகு கிழமைக்கு ஒருதரம் அண்ணை தொலைபேசி எடுத்தார். "சாப்பிட்டியே? டொக்டரிட்டப் போனியே?" இரண்டு கேள்விதான். மறுமுனையில் அன்ரனின் குரல் கேட்டால் மட்டும் பேசாமல் வைத்துவிடுவார். ஒக்டோபர் கடைசியில் மகள் பிறந்தாள். அண்ணி ஆஸ்பத்திரிக்குப் பிள்ளை பெற்றவளுக்கென்று அரைத்த சரக்குத்தூளும் மீன் கறியும் கொண்டு வந்தார். அண்ணை வரவில்லை. பக்கத்துக் கட்டிலுக்கு ஆள் மாறி ஆள் பூவோடு வர, நான் வாசலைப் பார்த்துப் பார்த்துக் கிடந்தேன்.

"நான் நிக்கிறதாலதான் அவர் வரேல்லை," என்றார் அன்ரன். "நான் ரெண்டு மணித்தியாலம் வெளியில போறன். அவரை வந்து பார்த்திட்டுப் போகச் சொல்லு."

"ஒரு இடமும் போக வேண்டாம்," என்றேன். "பிள்ளைக்கு அப்பாவும் வேணும், மாமாவும் வேணும். ஒண்டைக் குடுத்து மற்றதை வாங்கிற வியாபாரம் எனக்கு வேண்டாம்." பெரிய வாய்தான். இரவு அன்ரன் வீட்டுக்குப் போன பிறகு தலையணைக்குள் முகத்தை வைத்து அழுதேன்.

கடைசித் தடவையைச் சொல்லமுன், போக நினைக்கிறவர்களுக்குச் சிலதைச் சொல்லிவிட வேண்டும். மார்க் போய் யூரோ வந்துவிட்டது, என் விலைகளை நம்பிப் பயணம் போகவேண்டாம். ஒரு வருடத்தில் மூன்று தடவைக்கு மேல் போவதென்றால் வருட அட்டை எடுங்கள். இப்படி ஒன்று இருப்பது எனக்கு நான்காம் தடவைதான் தெரிந்தது. யாரும் சொல்லவில்லை, நானும் அண்ணையிடம் தேவையில்லாத கேள்விகளையே கேட்டுக்கொண்டிருந்தேன். தட்டையான சப்பாத்துப் போடுங்கள். மடிக்கிற இருக்கை இலவசம், வெட்கப்படாமல் எடுங்கள். ஒரே நாளில் எல்லா மாடியும் ஏறாதீர்கள். டென்மார்க்குத் தங்கச்சிக்கு என் பதில் இதுதான்: திரும்பத் திரும்பப் போங்கள். ஒரே சுவரில் மார்ச்சில் மீன் தொங்கும், யூலையில் மாதா நிற்பார். முதல் தடவை நான் அண்ணையை மட்டும்தான் பார்த்தேன். ஐந்தாம் தடவை படமும் தெரிந்தது. மூலையில் நிற்கிற காவலாளியிடம் ஏதாவது கேளுங்கள். அந்தப் படங்களோடு நாளும் பொழுதும் நிற்கிறவர் அவர்தான், அவரிடம் கேட்கிறவர்கள் குறைவு. அரிசியைத் தொடவேண்டாம்.

டிசம்பரில் ஒரு ஞாயிறு, ஹாகன் தேவாலயத்தில் மகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தோம். அண்ணைக்கும் சொல்லியிருந்தேன். "ஞாயிறு எனக்கு வேலை," என்று தொலைபேசியில் சொன்னார். உண்மையான வேலைதான், ஆனால் வேலை இல்லாவிட்டாலும் கோயிலுக்கு வந்திருக்க மாட்டார். பூசை முடிந்து, வந்தவர்களுக்குக் கேக்கும் தேநீரும் கொடுத்து அனுப்பிய பிறகு, அன்ரன் கோட்டைப் போட்டார். "வெளிக்கிடு. பிள்ளையின்ர வெள்ளைச் சட்டையைக் கழட்டாதை. கொண்ணை வராட்டி நாங்கள் போவம்," என்றார்.

1.14 ரயில். வுப்பர்டால் தாண்டும்போது மகள் பால் குடித்தாள், கொலோன் வரும்போது நித்திரை. குளிர், காற்றோடு. ஐந்தாவது கண்காட்சியில் வெறும் நிறங்கள். வீட்டுச் சுவர் அளவுக்குப் பெரிய துணிகள். ஒன்று முழுக்கச் சிவப்பு, ஒன்று முழுக்கக் கறுப்பு, நடுவே வெள்ளைக் கோடு. முன்பென்றால் இதுவும் ஒரு படமா என்று கேட்டிருப்பேன். அன்று கேட்கவில்லை. மகள் கண் விழித்து அந்தச் சிவப்பையே பார்த்தாள்.

அண்ணை அறையின் அந்தக் கோடியில், கையில் வோக்கி டோக்கியோடு நின்றார். அரிசி மணி அடித்த நாளுக்குப் பிறகு எல்லாக் காவலாளிக்கும் ஒவ்வொன்று கொடுத்துவிட்டார்களாம். ஒப்பந்தத்தையும் நீட்டிவிட்டார்கள் என்று அண்ணி சொல்லியிருந்தார். அன்ரன் வாசலிலேயே நின்றுவிட்டார், பிள்ளையின் பையைத் தோளில் போட்டபடி. "நீ போ. நான் இதில நிக்கிறன்," என்றார். யூலையில் காது சிவந்தது அவருக்கு மறக்கவில்லை. எனக்கும் மறக்கவில்லை. ஆனாலும் நான் நடந்தேன்.

அண்ணை என் முகத்தைப் பார்க்கவில்லை. பிள்ளையைத்தான் பார்த்தார். வெள்ளைச் சட்டையைப் பார்த்தார், அது எதற்குப் போட்டது என்று அவருக்குத் தெரியும். அவர் சொன்னது இதுதான்: "பொறு, கை கழுவிப்போட்டு வாறன்."

அடுத்த அறையில் நின்ற தலை நரைத்த காவல்காரியைக் கூப்பிட்டு இடத்தைப் பார்க்கச் சொன்னார். போனார். வரும்போது கை ஈரம், சாம்பல் நிறக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டே வந்தார். "இஞ்ச தா," என்று கையை நீட்டினார். நீட்டின கையில் வோக்கி டோக்கி. அதை நிலத்தில் வைக்கக் கூடாது, அது விதி. பைக்குள்ளும் போகாது. காவல்காரி தூரத்துக் கோடிக்குப் போயிருந்தார். என் கைகளில் பிள்ளை. அண்ணை சுற்றிப் பார்த்தார். என் தோளுக்கு மேலால் வாசலைப் பார்த்தார். கன நேரம் பார்த்தார்.

"மச்சான்," என்றார். "இஞ்ச வாரும். இதை ஒருக்காப் பிடியும்."

அன்ரன் திரும்பித் தனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தார். பின்னால் ஒருவரும் இல்லை.

"உம்மைத்தான் மச்சான்," என்றார் அண்ணை. "கெதியா வாருமன், நான் பிள்ளையைத் தூக்க வேணும்."